இலை தைக்கும் ஊசியும் உறங்கும் மரமும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற சில மாதங்களில் வந்த கடிதங்களுள் செடி, பறவை, காடு ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கென எடுத்து வைத்திருந்தேன். பெரும்பாலான கடிதங்களில் ஒரு தயக்கம் தெரிந்தது. இவற்றை ரசிப்பதற்குத் தனி அறிவு வேண்டுமோ, நெடும்பயணம் வேண்டுமோ, விலையுயர்ந்த கருவிகள் வேண்டுமோ என்று பலர் கேட்டிருந்தார்கள். என் அனுபவத்தில், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து பார்க்கும் பொறுமைதான் முதல் தேவை. மற்றவை பின்னால் வந்து சேரும்.

கேள்வி: எனக்கு 68 வயது. முழங்கால் வலியால் மாடிப்படி இறங்குவதே சிரமமாக இருக்கிறது. இரண்டாம் மாடிக் குடியிருப்பின் பால்கனியில் ஐந்து தொட்டிகளில் செடி வைத்திருக்கிறேன். காடு, மலை என்று போக இயலாத நான் இயற்கை தரும் மகிழ்ச்சியை எங்கே தேடுவது? (ஒரு வாசகி, சென்னை)

பதில்: அந்த ஐந்து தொட்டிகளிலேயே தேடலாம் அம்மா. அவற்றுள் ஒன்று எலுமிச்சையாகவோ, சற்று அகன்ற இலையுள்ள வேறு செடியாகவோ இருந்தால், தையல்சிட்டு உங்கள் பால்கனியைத் தேடி வரக்கூடும். வாலோடு சேர்த்து அளந்தாலும் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர்தான் இருக்கும். முதுகு இளம்பச்சை, நெற்றி செம்பழுப்பு, வால் எந்நேரமும் மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். குரல் மட்டும் அந்தச் சிற்றுடலுக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்கு உரத்தது; பார்ப்பதற்கு முன் அதைக் கேட்டுத்தான் பெரும்பாலோர் அறிகிறார்கள்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் நிற்கும் எலுமிச்சையில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இணை கூடு கட்டியது. ஜன்னல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, கையிலிருக்கும் காப்பி ஆறிப்போவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். பெண் சிட்டு இலையின் ஓரத்தில் அலகால் ஊசிமுனை அளவுக்குத் துளையிடும். பிறகு பஞ்சிழையையோ சிலந்தி நூலையோ கொண்டுவந்து, அத்துளையில் செருகி, மறுபக்கத்திலிருந்து இழுத்து, எதிரே உள்ள இலையின் ஓரத்தோடு சேர்த்துவிடும். வெளியே வந்த நூல்முனை பிசிறாக விரிந்து ஒரு சிறு பஞ்சுப் பொட்டுப்போல் நிற்பதால், நூல் வழுக்கி உள்ளே போவதில்லை. துளைகள் மிகச் சிறியவை என்பதால் இலை கருகுவதும் இல்லை. கூடு பச்சையாகவே இருந்து, மற்ற இலைகளுக்கு நடுவே ஓர் இலையாக மறைந்துகொள்கிறது. குஞ்சுகள் பறந்துபோன பிறகு அந்தக் கூட்டை அருகில் சென்று பார்த்து, பொட்டுகளை எண்ணினேன். பதினொன்று இருந்தன. பதினொரு தையலில் ஒரு குடும்பம் வளர்ந்திருந்தது.

முட்டை பொரிய ஏறக்குறைய 12 நாள், குஞ்சுகள் வெளியேற மேலும் இரண்டு வாரம் ஆகும். ஆகவே ஒரு கூடு அமைந்தால் ஒரு மாதத்துக்கு உங்களுக்குப் பொழுது போவதே தெரியாது. கூடு தென்பட்டால் தொட்டியை இடம் மாற்றாதீர்கள், அந்தக் கிளையை விலக்கிப் பார்க்காதீர்கள், தண்ணீரை எட்ட நின்று வேரில் மட்டும் ஊற்றுங்கள். கூடு அமையாவிட்டாலும் குறையில்லை. இரண்டு விரற்கடை ஆழமுள்ள மண்சட்டியில் தண்ணீர் வைத்து, கொசு முட்டையிடாதபடி நாள்தோறும் மாற்றுங்கள். நாற்காலியை ஒரே இடத்தில் போட்டு, ஒரே நேரத்தில் உட்காருங்கள். சில நாட்களில் பறவைகள் உங்களையும் அந்தப் பால்கனியின் பொருட்களுள் ஒன்றாக எடுத்துக்கொண்டுவிடும்.

கேள்வி: என் 7 வயது மகன் தொட்டாற்சிணுங்கியைத் தொட்டுத் தொட்டு விளையாடுகிறான். திடீரென்று ஒருநாள், “அதுக்கு வலிக்குமா அப்பா?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. நாங்கள் சிறுவயதில் செடிகளோடு விளையாடிய விளையாட்டுகளை அவனுக்குச் சொல்லித்தரவும் ஆசை. (ஒரு வாசகர், நாமக்கல்)

பதில்: அவனுக்கு அந்தக் கேள்வி தோன்றியதே எனக்குப் பெருமகிழ்ச்சி. செடிக்கு நம்மைப்போல் நரம்பும் மூளையும் கிடையாது. ஆகவே நாம் அறிந்த வலி அதற்கு இருப்பதாகச் சொல்ல இயலாது. ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும், காம்பின் அடியிலும் ஒரு சிறு புடைப்பு இருக்கிறது. அதிலுள்ள செல்கள் தண்ணீரால் விம்மி நிற்பதால்தான் இலை விரிந்து நிற்கிறது. தொட்டவுடன் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து தண்ணீர் வெளியேற, அந்தப் பக்கம் தளர்ந்து இலை மடங்குகிறது. சில நிமிடங்களில் தண்ணீர் திரும்பியதும் மீண்டும் விரிகிறது. மடங்கியிருக்கும் நேரத்தில் இலைக்குப் போதிய வெயில் கிடைக்காது என்பதால், செடிக்கு அது இழப்புதான். “வலிக்காது, ஆனால் சாப்பாட்டு நேரம் கெடும்” என்று மகனிடம் சொல்லுங்கள், அவனுக்கு விளங்கும்.

அவனிடம் சொல்ல இன்னொரு செய்தியும் உண்டு. 2014ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், தொட்டியிலிருந்த தொட்டாற்சிணுங்கிகளைச் சிறிது உயரத்திலிருந்து பஞ்சுபோன்ற மெத்தையின் மேல் மீண்டும் மீண்டும் விழச் செய்தார்கள். முதலில் இலைகளை மூடிக்கொண்ட செடிகள், கெடுதல் ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு மூடுவதை நிறுத்திவிட்டன. வேறு விதமாக அசைத்தபோது மூடிக்கொண்டன. ஆகவே களைத்துப்போய் நிறுத்தியதாகச் சொல்ல முடியாது. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து மறுபடி விழச் செய்தபோதும் அவை மூடவில்லை.

விளையாட்டுகளுள் முதலில் பட்டாசுக் காயை அறிமுகப்படுத்துங்கள். கிரந்திநாயகம் என்று சித்த வைத்தியர்கள் சொல்லும் செடி அது. ஊதாநிறப் பூவோடு வாய்க்கால் ஓரங்களிலும் சுவரோரங்களிலும் தானாக வளரும். காய்ந்து பழுப்பேறிய காயொன்றைப் பறித்து, நுனியில் எச்சில் தொட்டு, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் ‘பட்’டென்று வெடித்து விதைகள் நாலாபுறமும் தெறிக்கும். எந்த விநாடியில் வெடிக்கும் என்பது தெரியாத அந்தக் காத்திருப்பில்தான் விளையாட்டின் சுவை முழுவதும் இருக்கிறது. காயின் இரண்டு பாதிகளும் பிரிந்து வளையத் துடித்தபடி நுனியில் மட்டும் ஒட்டியிருக்கின்றன; ஈரம் பட்டதும் அந்த ஒட்டு விட்டுப்போகிறது. மழை வந்து மண் நனையும் வேளை பார்த்து விதையைத் தூவுவதற்குச் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது. நாம் எச்சிலால் அதற்கு மழை காட்டுகிறோம்.

அதன்பின் “தாத்தா தாத்தா தலையக் குடு” என்று சொல்லி வெட்டுக்காயப் பூண்டின் பூவைச் சுண்டி எறியும் விளையாட்டையும், பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவதையும் சொல்லிக்கொடுங்கள். இதை எழுதும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. தொட்டாற்சிணுங்கி, கிரந்திநாயகம், வெட்டுக்காயப் பூண்டு ஆகிய மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் மண்ணில் பரவியவை. சில நூற்றாண்டுகளுக்குள் அவற்றுக்குத் தமிழில் பெயரும் பாட்டும் விளையாட்டும் அமைந்துவிட்டன; அதில் பெரும்பங்கு சிறுபிள்ளைகளுடையது என்றே நான் நினைக்கிறேன். குன்றிமணியை வாயில் போடக்கூடாது, எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது என்ற இரண்டை மட்டும் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பாடும் குயில் ஆணா, பெண்ணா? வீட்டில் பந்தயமே நடக்கிறது. (ஒரு வாசகி, கரூர்)

பதில்: ஆண்தான். பளபளக்கும் கருநிறமும் சிவந்த கண்ணும் கொண்ட ஆண் குயில்தான் ‘கூ...ஊ, கூ...ஊ’ என்று சுருதி ஏற்றிக்கொண்டே போகிறது. பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் இறைந்து கிடக்கும் பெண் குயில், ‘கிக் கிக் கிக்’ என்று விரைவாக ஒலியெழுப்பும். முட்டையிடுவதற்குக் காக்கைக் கூட்டைத் தேடி, இலைமறைவில் ஓசையின்றித் திரிவது அதுவே. பந்தயத்தில் தோற்றவர்களை விடியற்காலையில் எழுப்பி, மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று காட்டுங்கள்.

கேள்வி: நண்பர்களோடு குளக்கரைக்குப் போனால் அவர்கள் பறவைகளின் ஆங்கிலப் பெயர்களை அடுக்குகிறார்கள். எனக்கு எதுவும் நினைவில் நிற்பதில்லை. பெயர் தெரியாமல் பார்ப்பதில் பொருள் உண்டா? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: பெயர் தெரியாமலும் பார்க்கலாம். ஆனால் தமிழ்ப் பெயர்களிலிருந்து தொடங்கினால் அவை மறக்கவே மறக்காது. பார்த்தவர்கள் பார்த்ததையே பெயராக்கி வைத்திருக்கிறார்கள். நீரில் உடல் முழுவதும் மூழ்கியிருக்க, நீண்ட கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நெளிந்து போகும் பறவை பாம்புத்தாரா. முதன்முறை பார்க்கும் எவரும் தண்ணீர்ப்பாம்பு என்றே எண்ணிவிடுவார்கள். கரையேறியதும் நனைந்த சிறகுகளை விரித்து, கொடியில் காயப்போட்ட வேட்டிபோல் நெடுநேரம் உலர்த்திக்கொண்டிருக்கும். கரண்டிபோல் நுனி தட்டையான அலகை நீரில் இப்படியும் அப்படியும் வீசித் துழாவுவது கரண்டிவாயன். அறுவடைக் கருவிபோல் வளைந்த அலகுடையது அரிவாள் மூக்கன்.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது நத்தைகுத்தி நாரை. அதன் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். பாக்குவெட்டியின் வாய் முழுதாகப் பொருந்தாததுபோல் இருக்கும். அந்த அலகைக் கொண்டுதான் ஓட்டுக்குள் ஒளிந்திருக்கும் நத்தையை லாகவமாக வெளியே எடுக்கிறது. குறையென்று முதலில் தோன்றிய ஒன்று தொழிலுக்கேற்ற கருவி என்று புரியும் கணம் மிக இனியது. அதை நீங்கள் நேரில் அடைய வேண்டும். இனி ஆள்காட்டி. தரையில், கற்களுக்கு நடுவே, கற்களைப் போன்ற நிறத்திலேயே முட்டையிட்டுவிட்டு, யார் அந்தப் பக்கம் வந்தாலும் தலைக்கு மேலே பறந்து கூச்சலிடும். மறைந்து வருபவரை ஊருக்குக் காட்டிக்கொடுப்பதால் அந்தப் பெயர்.

உங்கள் மாவட்டத்திலேயே கூந்தன்குளம் இருக்கிறது. அங்கே சங்குவளை நாரைகள் குளத்தோடு நிற்காமல், ஊருக்குள் வீட்டு மரங்களிலும் கூடு கட்டுகின்றன. எச்சமும் மீன்வாடையும் நிறைந்த அந்த மாதங்களை ஊரார் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறார்கள். ஒருமுறை போய், நண்பர்களின் பட்டியலை மறந்துவிட்டு, ஒரே ஒரு மரத்தடியில் ஒரு மணி நேரம் நில்லுங்கள்.

கேள்வி: எங்கள் வயற்கிணற்றை ஒட்டிய ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள் நிறையத் தொங்குகின்றன. கீழே விழுந்து கிடந்த ஒன்றை எடுத்துப் பார்த்தேன். குழாய்போன்ற வாசல் இல்லை. அடியில் இரண்டு திறப்புகள் இருந்தன. சிதைந்த கூடா, வேறு வகையா? (ஒரு விவசாயி, தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: இரண்டும் இல்லை ஐயா. அது பாதியில் நிறுத்தப்பட்ட கூடு. கட்டுவது ஆண் குருவி. மழைக்காலம் நெருங்கும்போது அதன் தலையும் மார்பும் மஞ்சள் பூசியதுபோல் ஆகிவிடும். நெல்லின் தாளிலோ நாணல் இலையிலோ ஓரிடத்தில் அலகால் வெட்டு வைத்து, அந்த முனையைக் கவ்வியபடி பறந்தால், 20 முதல் 60 சென்டிமீட்டர் நீளத்துக்கு நார் உரிந்து வரும். இப்படி ஒரு கூட்டுக்கு 500 தடவை வரை போய்வருவதுண்டு. முதலில் கிளையில் முடிச்சிட்டுச் சிறு கயிறாக்கி, பிறகு வளையமாக்கி, அதன்மேல் கூரை வேய்ந்து, கவிழ்த்துவைத்த தலைக்கவசம் போன்ற வடிவம் வரை கொண்டுவந்து நிறுத்திவிடும். அந்த நிலையில் அடியில் இரண்டு திறப்புகள் இருக்கும். நடுவே குறுக்காக ஒரு பட்டை ஓடும். ஆண் குருவி அதில் தொற்றிக்கொண்டு, சிறகுகளை அடித்துப் பெண்ணை அழைக்கும்.

பெண் குருவி வந்து உள்ளே புகுந்து, நாரை இழுத்துப் பார்க்கும். அதற்குப் பிடித்துப்போனால், ஆண் குருவி ஒரு திறப்பை மூடி முட்டையறை ஆக்கி, மற்றொன்றைக் கீழ்நோக்கி நீட்டிக் குழாய் வாசல் அமைக்கும். பிடிக்காவிட்டால் கூடு அப்படியே நின்றுவிடும். ஆண் குருவி பக்கத்துக் கிளையில் வேறொன்றைத் தொடங்கும். உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அப்படி மறுக்கப்பட்ட ஒரு வீடுதான். அதன் உட்சுவரைத் தடவிப் பாருங்கள். காய்ந்த களிமண் ஒட்டியிருக்கலாம். அந்த மண்ணில் மின்மினியைப் பதித்துக் குருவி விளக்கேற்றுகிறது என்று என் பாட்டி சொல்வார். மண் அப்பி வைப்பது உண்மை, விளக்கு கதை. இரண்டையும் அப்படியே பிரித்துச் சொல்லி, நான் பேரப்பிள்ளைகளுக்கு இன்றும் சொல்கிறேன். விழுந்த கூட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்து உதவுங்கள். மரத்தில் தொங்குபவை, வெறுமையாகத் தெரிந்தாலும், அங்கேயே இருக்கட்டும்.

கேள்வி: குடும்பத்தோடு ஆனைமலைப் பக்கம் போய்வந்தோம். இரண்டு நாளும் புலி, சிறுத்தை எதுவும் கண்ணில் படவில்லை. பிள்ளைகள் ஏமாந்துபோனார்கள். காட்டை ரசிக்க வேறு வழி இருக்கிறதா? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: புலியைப் பார்ப்பதற்காக மட்டும் காட்டுக்குள் போவது, கல்யாண வீட்டுக்குப் போய் மாப்பிள்ளையை மட்டும் பார்த்துவிட்டுப் பந்தியில் உட்காராமல் திரும்புவது போன்றது. அடுத்த முறை வண்டிப் பயணத்தைக் குறைத்துக்கொண்டு, வனத்துறை அனுமதிக்கும் பாதையில், அவர்கள் அனுப்பும் வழிகாட்டியோடு நடந்து செல்லுங்கள். பேச்சை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அதிகாலையில் ஓடையோரமாக யாரோ ஒரு பையன் பாதி மறந்த பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டு போவதுபோல் கேட்கும். பையன் யாரும் இருக்க மாட்டான். அது சீகாரப் பூங்குருவி. நீலமும் கருமையும் கலந்த அப்பறவையை நேரில் காண்பது அரிது, பாட்டு மட்டும் ஓடைநீரின் இரைச்சலையும் மீறி வந்துசேரும்.

அத்திமரம் பழுத்திருக்கும் பருவமானால் அதன் கீழே காத்திருங்கள். தொலைவில் மூச்சிரைப்பது போன்ற ஒலி கேட்டு, அது நெருங்கி நெருங்கித் தலைக்கு மேல் வந்தால், பெரிய இருவாச்சி வருகிறது என்று பொருள். சிறகடிக்கும் ஓசையே அவ்வளவு பெரியது. இதன் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை அடைத்துக்கொண்டு, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்றுத் திறப்பை மட்டும் விட்டுவைக்கும். வாரக்கணக்கில் ஆண் பறவை அத்திப்பழங்களைத் தொண்டையில் சேர்த்துக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக அந்தக் கீற்றின் வழியே ஊட்டும். அது விழுங்கும் பழங்களின் விதைகள் காடெங்கும் விழுந்து முளைக்கின்றன. பெரிய முதுமரம் இல்லையென்றால் பொந்து இல்லை, பொந்து இல்லையென்றால் இருவாச்சி இல்லை. இதனால்தான் ஒரு பழைய மரம் வெட்டப்பட்ட செய்தியைப் படிக்கும்போது எனக்கு மனம் தாங்குவதில்லை.

பிள்ளைகளுக்கு யானை லத்தியைக் காட்டுங்கள். முகம் சுளித்தாலும் ஐந்து நிமிடத்தில் குனிந்துவிடுவார்கள். சாணவண்டு உருண்டை பிடித்துத் தள்ளிக்கொண்டு போவதையும், பட்டாம்பூச்சிகள் ஈரத்தில் உப்பை உறிஞ்சிக் கூட்டமாக உட்கார்ந்திருப்பதையும், ஓரத்தில் நூலளவு காளான் குடை விரித்திருப்பதையும் அந்த ஓரடி இடத்திலேயே பார்க்கலாம். ஒரு வேண்டுகோள்: கைப்பேசியில் பதிவுசெய்த பறவைக் குரலை ஒலிக்கவிட்டுப் பறவைகளை அழைக்காதீர்கள். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக எண்ணி அவை கலங்குகின்றன.

கேள்வி: நீலக்குறிஞ்சி இந்த ஆண்டே பூத்துவிட்டதாகப் படத்தோடு செய்தி வருகிறது. உண்மையா? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி பெருமளவில் மலைகளை நிறைத்தது 2006இலும் 2018இலும், அடுத்தது 2030. குறிஞ்சியில் பல வகைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. இடையே வரும் செய்திகள் பெரும்பாலும் அவற்றைப் பற்றியவை. பூத்து விதை உதிர்த்ததும் நீலக்குறிஞ்சிச் செடி மடிந்துவிடுகிறது. ஆகவே 2030இல் மலைக்குப் போனால் பூவைப் பறிக்காமல் வாருங்கள், ஒவ்வொரு பூவும் அடுத்த 12 ஆண்டுக்கான விதை.

கேள்வி: எங்கள் பள்ளி வாசலில் தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. அது உண்மையிலேயே தூங்குகிறதா? (6ஆம் வகுப்பு மாணவி, மதுரை)

பதில்: நீ கேட்ட கேள்வியைப் பெரியவர்களும் நெடுங்காலமாகக் கேட்டிருக்கிறார்கள். தொட்டாற்சிணுங்கியின் இலையடியில் இருப்பது போன்ற புடைப்பு இந்த மரத்தின் இலைகளிலும் இருக்கிறது. பொழுது சாயும்போதும், வானம் இருண்டு மழைக்கு மூட்டம் போடும்போதும் சிற்றிலைகள் இணை இணையாக மடங்கிவிடும். மழைத்துளிகள் நேராகத் தரைக்கு இறங்குவதும் அதனால்தான். வெளிச்சம் குறைவது மட்டுமே இதற்குக் காரணமா என்றால், இல்லை. 1729ஆம் ஆண்டில் தெ மேரான் என்ற பிரெஞ்சு அறிஞர், இலை மடக்கும் செடி ஒன்றை இருட்டறையில் வைத்துப் பார்த்தார். பகலைக் காணாமலே அது பகலில் விரிந்து இரவில் மடங்கியது. செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பது பிற்காலத்தில் உறுதியாயிற்று. ஆகவே நம் தூக்கத்தைப் போன்றது அன்று என்றாலும், தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

நீயே பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். கைக்கு எட்டும் தாழ்ந்த கிளையில் ஒரே ஓர் இலைக்காம்பில் வண்ண நூலைத் தளர்வாகக் கட்டி அடையாளம் வை. மாலையில் பள்ளி விட்டதும் பெரியவர் ஒருவரோடு அங்கே நின்று, எப்போது மடங்கத் தொடங்குகிறது என்று நோட்டில் எழுது. காலையில் மணியடிக்கும் முன் அதே இலை விரிந்துவிட்டதா என்றும் பார். பத்து நாள் எழுதியபின் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பு. நடுவில் மழைமேகம் கூடிய நாள் ஒன்று வந்தால், அன்று இலை எத்தனை மணிக்கு மடங்கியது என்பதன் கீழே ஒரு கோடு போட்டு வை. உன் கடிதத்தைப் பிரித்ததும் நான் முதலில் தேடப்போவது அந்த வரியைத்தான்.